கட்டளையும் இசைவும்

கட்டாயத்தின் பேரில் செய்யப்படும் நற்செயலை அறம் எனக் கூறலாமா? அறிஞர் பெருமக்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினாவுக்கு இருப்புப்பாதை வரலாற்றில் ஒரு சான்று உண்டு.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், வின்னமுக்கா, வெல்ஸ் என்னும் ஊர்களுக்கிடையே, சதர்ன் பசிபிக், வெஸ்டர்ன் பசிபிக் என்னும் போட்டி நிறுவனங்கள் தனித்தனியே ஒற்றைப் பாதை அமைத்திருந்தன. ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்பதிலேயே பொழுது கழியும். முதல் உலகப் போரின்போது, 1917 டிசம்பர் இறுதியில், அரசு இருப்புப்பாதைகளைத் தன் ஆளுகைக்குள் கொணர்ந்தது. உரிமையாளர்க்கு ஈட்டுத்தொகையும் வழங்கிற்று. அவ்வாளுகையின்கீழ் இரு நிறுவனங்களின் வண்டிகளும் ஒரு பாதையில் கிழக்கு நோக்கியும் மற்றதில் மேற்கு நோக்கியும் ஓடின. 1920 மார்ச்சில் பாதைகள் உரியவரிடம் மீண்டன. பழைய பிரிவினையும் மீண்டது. எனினும் 1924இல் அவ்விரு நிறுவனங்களும் தாமாகவே உடன்படிக்கை செய்துகொண்டு, முன்னர்க் கட்டளைக்குப் பணிந்து செய்ததை இசைந்து செய்தன.

நம் கோவைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1908ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப்பின், கோவையிலிருந்து சென்னை செல்வோர் ஜோலார்பேட்டை வரை தென்னிந்திய ரயில்வேயின் பாதையிலும், அதற்கப்பால் மதராஸ் தென் மராத்தா ரயில்வேயின் பாதையிலும் பயணம் செய்தனர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944 ஏப்ரலில் இரண்டையும் அரசு ஏற்றது. அவை உரியவரிடம் மீளவில்லை. 1951 ஏப்ரல் 14இல் மைசூர் ரயில்வேயுடன் இணைந்து தென்னக ரயில்வே ஆயின. மக்களுக்கு நன்மை விளைந்தது. ஆனால், கட்டளை நீங்கியபின் அக்கம்பெனிகள் எவ்வாறு நடந்திருக்கும் என்பதை அறிய வாய்ப்பே ஏற்படவில்லை.

இங்கு இரண்டைப் பிரித்தறிதல் வேண்டும். பயன் பெறுவோனுக்குக் கட்டாயமும் இசைவும் ஒன்றே. வண்டி வந்து சேர்ந்தால் போதும். செய்வோனுக்கோ அவை வெவ்வேறு. 1924ஆம் ஆண்டு உடன்படிக்கை இலாபம் கருதியதே என்பார் உளர். அது உண்மையே. ஆயினும், தன் வண்டியைப் போட்டியாளனின் பாதையில், அவன் காட்டும் கைகாட்டியை நம்பி அனுப்புவதற்கு இலாபக் கணக்கு மட்டும் போதாது, நம்பிக்கையும் வேண்டும். கட்டளை அந்நம்பிக்கையைப் பழக்கிக் கொடுத்தது. அதைத் தேர்ந்துகொண்டவர்கள் அவர்களே.

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் பாகம் பிரிந்த உடன்பிறப்புகள் வண்டித்தடத்துக்காக வழக்காடுவதைக் காண்கிறோம். பிறர் நிலத்தைக் கடந்து செல்லும் உரிமையை அரபுச் சட்ட நூல்கள் 'ஹக்குல் முரூர்' என வகுத்துள்ளன. நீதிமன்றம் அவ்வுரிமையை நிலைநாட்டலாம்; முள்வேலியை அகற்றச் செய்யலாம். அத்தடத்தில் அண்ணன் வண்டி வரும்போது தம்பி முகம் திருப்பாதிருக்கச் செய்யும் ஆற்றல் எத்தீர்ப்புக்கும் இல்லை. தீர்ப்பு திறந்துவிட்ட வழியில் நாள்தோறும் நடந்து பழகி, ஒரு நாள் 'வாருங்கள்' என்று தாமே அழைப்பார்களாயின், அன்றே அது அறமாகும். அவ்வழைப்பு வரும்வரை, இரு வீட்டுக் குழந்தைகளும் ஒரே தடத்தில் நடந்தும் அயலாராகவே வளர்வர்.