சும்மா நிற்கும் ஹெலிகாப்டர்

சரவாக்கின் பாரியோவிலிருந்து மிரிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வெட்டுமர லாரிகள் போகும் மண் சாலையில் அரை நாளுக்கும் மேல். பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காத பெண்ணால் அவ்வளவு நேரம் தாங்க முடியாது. சரவாக்கில் 1973 முதல் பறக்கும் மருத்துவர் சேவை இருக்கிறது. அவசர நோயாளிகளை ஏற்றி வருவதும் அதன் வேலைதான்.

‘கொஞ்சம் பேருக்கு இவ்வளவு செலவா? அதே பணத்தில் நகரத்தில் எத்தனை பேரைக் காப்பாத்தலாம்!’னு கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். ஆனா, மருத்துவமனை ஜெனரேட்டர் சும்மா நிற்குதேன்னு யாரும் அதைக் கழற்றி விற்பதில்லை. ‘பட்டணத்துக்கு வந்துடட்டும்’ என்பது இன்னும் மோசம். பாரியோ அரிசி மட்டும் நமக்கு வேணுமாம்!

பயணங்களைக் குறைக்க வழி உண்டு. உள்ளூர் கிளினிக்கில் பயிற்சி பெற்ற தாதியர் வேணும். சிக்கலான பிரசவம்னா முன்கூட்டியே மிரிக்கு அனுப்பிடணும். அதுக்கப்புறமும் மரம் விழுந்து அடிபட்டவருக்கு ஹெலிகாப்டர்தான் வரணும்.