கூட ஆடுபவருக்குத் தெரியும்

2023 ஏப்ரல் 14 அன்று ஜப்பானின் சோகா நகரில், யோனெக்ஸ் தொழிற்சாலையின் விளையாட்டு அரங்கில், சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஒரு ஸ்மாஷைக் கருவி வைத்து அளந்தார்கள். மணிக்கு 565 கிலோமீட்டர். ஆந்திராவின் அமலாபுரத்துப் பிள்ளை கின்னஸில் ஏறினார். செய்தித்தாள்கள் பந்தயக் காரின் வேகத்தோடு ஒப்பிட்டு எழுதின. அந்தச் செய்தியில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போன விவரம் ஒன்று உண்டு. அன்றைக்கு அவர் கையில் இருந்த பேட் நானோஃபிளேர் 1000 இசட். தலைப்பக்கம் லேசாக இருக்கும் வகை, விளையாடுகிறவர்கள் பேச்சில் ‘ஹெட் லைட்’.

ஷட்டில் ஆடும் எந்த ஊரிலும் புதிதாக வருகிற பையனுக்குச் சொல்லித்தரும் முதல் பாடத்துக்கு இது நேர் எதிர். “ஸ்மாஷ் வேணும்னா ஹெட் ஹெவி வாங்கு, டிஃபென்ஸ் ஆடறவனுக்குத்தான் ஹெட் லைட்” என்பது நம் அந்தியூரிலும் வேதவாக்குதான். கொடிக்கால் வேலையை முடித்துவிட்டு வருகிறவர், கடையைச் சாத்திவிட்டு வருகிறவர், கல்லூரிப் பையன், பள்ளிக்கூட வாத்தியார் என்று ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கூடும் நாலு பேரில் மூன்று பேர் கையில் தலை கனத்த பேட்தான் இருக்கும். பேட் வாங்கப் போகிறவன் கேட்கிற கேள்வியும் ஒன்றேதான்: “ஸ்மாஷ் நல்லா வர்ற மாதிரி எது இருக்குதுங்ணா?” பின்கோட்டில் மாட்டிக்கொண்டு, பேக்ஹேண்டில் எடுக்கவும் முடியாமல், சுற்றி வந்து அடிக்கவும் நேரமில்லாமல் நிற்கிறோமே, அந்த நேரத்துக்கு எது நல்லது என்று கேட்கிற ஆளை நான் பார்த்ததில்லை. நம் ஆட்டத்தில் அந்த நேரம்தான் அதிகம்.

பேட்டின் கூம்பில், கைப்பிடிக்குச் சற்று மேலே, சின்ன எழுத்தில் இருப்பதைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரர் சொல்வதில் பாதி தேவைப்படாது. 3யு என்றால் 85-லிருந்து 90 கிராமுக்குள், 4யு என்றால் 80-லிருந்து 85-க்குள், 5யு அதற்கும் கீழே. யு-வுக்கு முன்னால் உள்ள எண் ஏற ஏற எடை குறையும். ஜி4, ஜி5 என்பது கைப்பிடியின் பருமன். யோனெக்ஸ் கணக்கில் ஜி5 சன்னமானது. சன்னமாக வாங்கி மேலே கிரிப் சுற்றிப் பருமனாக்கிக்கொள்ளலாம், பருமனானதைச் செதுக்க முடியாது. ஆனால் மொத்த எடையைவிட முக்கியமானது அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. பேட்டின் தண்டை ஒரு விரலின் மேல் படுக்கவைத்தால் எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ அதுதான் சமநிலைப் புள்ளி. அடிமுனையிலிருந்து அளந்தால் அது ஏறத்தாழ 285 மில்லிமீட்டரில் இருந்தால் நடுத்தரம், 295-ஐத் தாண்டினால் தலைக்கனம். வெறும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்தான். அதைத் தோள் ஒரே ஆட்டத்தில் கண்டுபிடித்துவிடும். சுழலும் பொருளில் ஒரு எடை மையத்தைவிட்டு இரண்டு மடங்கு தள்ளிப்போனால், அதைச் சுழற்ற நாலு மடங்கு பாடுபட வேண்டும். கைப்பிடியில் சேர்ந்த ஒரு கிராமை நாம் உணர்வதே இல்லை. தலையில் சேர்ந்த ஒரு கிராம், இருபத்தொன்றாவது பாயிண்டை நெருங்கும்போது தோள்பட்டையில் வந்து பேசும்.

தலைக்கனத்தால் பயன் இல்லை என்று சொல்லவில்லை. மோதுகிற நொடியில் இறகுப்பந்தின் பின்னால் அந்த எடை நிற்கும். சுழற்றும் வேகம் மட்டான ஒருவருக்குப் பின்கோட்டிலிருந்து பின்கோட்டுக்கு கிளியர் போய்ச்சேர அது கைகொடுக்கும். சாத்விக்குக்கு அந்த உதவி தேவைப்படவில்லை. அவர் தோளும் முன்கையும் தருகிற சுழற்சிக்குத் தடையில்லாத பேட் கிடைத்தால் போதும், வேகம் தானாக வந்துவிடும். ஆக, எந்த பேட்டில் ஸ்மாஷ் வேகமாக வரும் என்ற கேள்விக்கு பேட்டை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. அதைப் பிடித்திருக்கும் கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தண்டின் விறைப்பிலும் இதே கதைதான். அடிக்கும்போது தண்டு பின்னால் வளைந்து, பிறகு நிமிர்கிறது. அந்த நிமிர்தல் பந்தைத் தொடும் நேரத்தோடு சேர்ந்தால் அடியில் உயிர் இருக்கும். விறைப்பான தண்டு, வேகமான கைக்கு மட்டுமே வளைந்துகொடுக்கும். மெதுவான கையில் அது வெறும் குச்சி. பேட்டில் நரம்பு, அதாவது கட், போடுகிற இழுவையும் அப்படித்தான். 28 பவுண்டு போடச் சொல்கிறவர்கள் பலருக்கு 23-ஏ தாராளம். இறுக்கம் கூடக்கூட நரம்பு வலையின் நடுவில் நன்றாக அடிபடும் இடம் சுருங்கிப்போகும். தொலைக்காட்சியில் ஆடுகிறவர்கள் அந்தச் சின்ன இடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அடிக்கிறார்கள். அதனால் அவர்களுக்கு அது சரி.

1980-ல் லண்டனில் நடந்த ஆல் இங்கிலாந்து இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் இந்தோனேசியாவின் லியம் ஸ்வீ கிங். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் அவர்தான் சாம்பியன். எம்பிக் குதித்து அவர் அடிக்கும் ஸ்மாஷுக்கு அவர் பெயரையே வைத்து அழைத்தார்கள். எதிர்ப்பக்கம் பிரகாஷ் படுகோன். பெங்களூரில் அவர் ஆட்டம் கற்ற கோர்ட் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் இருந்தது. முகூர்த்த நாளில் ஆட்டம் கிடையாது, பந்தல் பிரித்தால்தான் ஆட்டம். அந்த மண்டபத்தில் வளர்ந்த கை, கிங்கின் வேகத்தோடு போட்டி போடவில்லை. வேகத்தைக் குறைத்தது, அரை ஸ்மாஷ் அடித்தது, வலையோரம் இழுத்தது, கிங் குதிக்கிற உயரத்தில் பந்தைக் கொடுக்காமல் வைத்தது. 15-3, 15-10. ஸ்மாஷுக்குப் பேர்போனவரை ஸ்மாஷே இல்லாத இடத்துக்கு அழைத்துப் போய் வென்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். பாணி என்பது ஒருவர் விரும்பித் தேர்ந்தெடுத்துக்கொண்ட அலங்காரம் போல நாம் பேசுகிறோம். அதில் பெரும்பங்கை அந்த மண்டபம் கொடுத்திருக்கிறது, உடம்பு கொடுத்திருக்கிறது, எதிரே நின்றவர் கொடுத்திருக்கிறார்.

அந்தியூர் நமக்குக் கொடுப்பது என்ன? பெரும்பாலும் திறந்தவெளி மண் கோர்ட். இறகுப்பந்தின் விலை கட்டுப்படியாகாததால் நைலான் பந்து. ஆடி பிறந்துவிட்டால் காற்று. மேற்கே நின்று அடித்தால் பந்து கோட்டைத் தாண்டிப் பறக்கும், கிழக்கே நின்று அடித்தால் வலையையே எட்டாது. தனியாக ஆட கோர்ட் கிடைப்பது அபூர்வம். எப்போதும் இரட்டையர், வெளியே இன்னும் நாலு பேர் காத்திருப்பார்கள். இதில் இன்னொன்றும் சேர்கிறது. நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு முதல் ஆட்டம் பூப்பந்து, கம்பளி நூலில் சுற்றிய மஞ்சள் பந்தைப் பக்கத்துக்கு ஐந்து பேராக நின்று மர பேட்டில் அடிக்கும் ஆட்டம். தஞ்சாவூர் அரச குடும்பத்தில் 1856 வாக்கில் தொடங்கியதாகச் சொல்வார்கள். அந்த பேட்டின் கனத்துக்குப் பழகிய கை முழுக்கையாகச் சுழலும், மணிக்கட்டைக் குறைவாகவே நம்பும். அவரிடம் 5யு பேட்டைக் கொடுத்தால் கையில் ஒன்றுமே இல்லாதது போல இருக்கிறது என்பார். அது உண்மையான அனுபவம். அதை மதிக்காமல், இணையத்தில் பார்த்த பட்டியலை வைத்துக்கொண்டு அவருக்கு பேட் சொல்லக் கூடாது.

இரட்டையர் ஆட்டத்தில் ஒரு மாலை முழுக்க நாம் எதையெல்லாம் அடிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். சர்வீஸ். சர்வீஸை எடுப்பது. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே உடம்பை நோக்கி வருவதைத் தட்டிவிடுவது. எதிராளியின் ஸ்மாஷை அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் தூக்கிவிடுவது. வலையோரத்தில் தள்ளுவது. நடுவே எப்போதாவது, கால் ஊன்றி, பந்தின் கீழே போய் நின்று, முழுசாக ஒரு ஸ்மாஷ். வீட்டுக்குப் போகும்போது மனதில் நிற்பது அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் மறந்துபோகும், ஏனென்றால் அவற்றில் பெருமைப்பட ஏதும் இல்லை. பெருமைப்பட்ட அடிகளை வைத்து பேட் வாங்குகிறோம். மறந்துபோன அடிகளில் தோற்கிறோம்.

2025 மார்ச்சில் பாசலில் நடந்த ஸ்விஸ் ஓபனில் சென்னையின் இடதுகைக்காரர் சங்கர் முத்துசாமி சுப்ரமணியன், உலகின் இரண்டாம் நிலையில் இருந்த டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ஆன்டன்சனை வென்றார். முதல் கேமை 18-21 என்று இழந்தவர் அடுத்த இரண்டையும் 21-12, 21-5 என்று முடித்தார். அவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், திருப்பி அனுப்புவதுதான் அவருடைய தாக்குதல். எடுக்க முடியாத பந்தையும் எடுத்து, எதிராளியை இன்னொரு அடி, அதற்குமேல் இன்னொரு அடி அடிக்கவைப்பார். நம் ஊரில் அப்படி ஆடும் பையனிடம் “என்னடா, அடிக்கவே மாட்டீங்குற” என்று கேட்டு, கையில் ஹெட் ஹெவி பேட்டைத் திணித்துவிடுவோம். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. அவனுடைய ஆட்டம் என்னவென்று அவனுக்கே தெரிவதற்கு முன்னால் அதை அவனிடமிருந்து பிடுங்கிவிடுகிற காரியம் அது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எடை குறைந்த, தண்டு இளகிய, நடுச் சமநிலை உள்ள, விலை மலிவான பேட் போதும். எந்தப் பக்கமும் வளரலாம் என்று வழியை விட்டுவைப்பதே அந்த வயதுக்கு நாம் செய்யக்கூடியது.

எதற்கு எது பொருந்தும் என்று பார்ப்பதில் நம் ஊர்க்காரர்களுக்கு வேறு இடத்தில் நல்ல கண் இருக்கிறது. ஆடி மாதம் புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில் சந்தை கூடும்போது, மாடு பிடிக்க வந்தவரைக் கவனியுங்கள். பர்கூர் மலை மாடு ஒருபுறம், செம்பழுப்பில் வெள்ளைத் திட்டோடு, கட்டுமஸ்தான சின்ன உடம்பு, மலைப்பாதையில் விடாமல் ஓடும். காங்கேயம் காளை இன்னொருபுறம், திமிலும் கழுத்தும் கனத்து, கவலை இறைக்கவும் பாரம் இழுக்கவும் பேர்போனது. எது உசத்தி என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்தபின், விற்கிறவர் திருப்பிக் கேட்பார்: “காடு எங்கீங்க, மேடா பள்ளமா? என்ன வேலைக்குங்க?” வாங்குகிறவரும் தன் நிலம் எப்படிப்பட்டது என்று உள்ளது உள்ளபடி சொல்வார். கல்லாங்காட்டை வண்டல் பூமி என்று சொல்லி மாடு வாங்கினால் நட்டம் யாருக்கு என்று அவருக்குத் தெரியும். பேட் விஷயத்தில்தான் நம் காடு எப்படி என்று நமக்கே தெரிவதில்லை.

தெரியாததற்குக் காரணம் உண்டு. ஆடும்போது நம் கண் பந்தின் மேல் இருக்கிறது. நம் ஆட்டத்தைப் பார்க்க ஆள் அங்கே இல்லை. என் வலப்பக்கத் தோளுக்கு மேலே வருவதை நான் தாமதமாக எடுக்கிறேனா, சர்வீஸ் போட்டதும் ஒரு எட்டு பின்னால் நகர்ந்துவிடுகிறேனா, பதினைந்தாவது பாயிண்டுக்குப் பிறகு என் முழங்கை தாழ்ந்துபோகிறதா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. என்னோடு கூட ஆடுபவருக்குத் தெரியும். எனக்கு முன்பே அவர் உடம்புக்குத் தெரியும். நான் விட்டுவிடுவேன் என்று எதிர்பார்த்து, பந்து என்னிடம் வருகிறபோதே அந்த இடத்துக்கு அவர் பாதி நகர்ந்திருப்பார்.

பேட் செய்கிறவர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். யோனெக்ஸ் 2018-ல் அஸ்ட்ராக்ஸ் 88 என்ற பெயரில் இரண்டு பேட்டுகளை ஜோடியாகவே கொண்டுவந்தது. 88 எஸ் வலையோரம் நிற்பவருக்கு, 88 டி பின்னால் நின்று அடிப்பவருக்கு. இந்தோனேசியாவின் கெவின் சுகமுல்ஜோ முன்னால், மார்கஸ் கிடியோன் பின்னால் என்று அந்த இரண்டையும் பிடித்து ஆடினார்கள். என் பாணி எது என்று தனியாகக் கேட்டால் பாதி பதில்தான் வரும் என்பதை அந்த ஜோடி எனக்குக் காட்டியது. நான் முன்னால் நிற்கிறவனா பின்னால் நிற்கிறவனா என்பதை முடிவு செய்வது என் ஆசை மட்டும் இல்லை, பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதும்தான். பலமான அடிக்காரரோடு நின்றால் நான் முன்னால் ஆடுபவன். இளம் பையனோடு நின்று அவனுக்கு இன்னும் பின்கோட்டைக் காக்கத் தெரியவில்லையென்றால் அதே நான் பின்னால் ஆடுபவன். ‘என்னுடைய ஆட்டம்’ என்று நான் இறுக்கிப் பிடித்திருந்தது எனக்குள் இருக்கவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவே இருந்தது. அவர் விட்ட இடத்தை நான் எடுக்க, நான் விட்ட இடத்தை அவர் எடுக்க, அப்படியே பல மாலைகளில் உருவாகி வந்தது.

ஆகையால் பேட்டைப் பரிசோதிக்கும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். கடையில் வெறுங்காற்றில் நாலு வீச்சு வீசிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது, காற்றுக்கு எதிராளி கிடையாது. நண்பரின் பேட்டை ஒரு மாலை கடன் வாங்குங்கள். முதல் கேமில் வேண்டாம், உடம்பு தளர்ந்த மூன்றாவது கேமில் எடுங்கள். ஸ்மாஷை மறந்துவிட்டு, உடம்பை நோக்கி வந்தது எத்தனை திரும்பிப் போனது என்று மட்டும் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் பார்ட்னரிடம் கேளுங்கள்: “நான் எங்கண்ணா லேட்டாவறேன்?” அவர் வயதில் பெரியவராக இருந்தால் தயங்காமல் சொல்வார். சின்னவராக இருந்தால் “அதெல்லாம் இல்லீங்ணா” என்று மழுப்புவார், விடாமல் கேட்க வேண்டும். பின்கோட்டில் என்று பதில் வந்தால் எடை குறைந்த தலையையும் இளகிய தண்டையும் தேடலாம். பந்து ஆழமாகப் போவதில்லை என்றால் கொஞ்சம் தலைக்கனம் கூடலாம். சர்வீஸ் எடுப்பதில் என்றால் பேட்டே காரணமாக இல்லாமல் இருக்கலாம், கால் காரணமாக இருக்கலாம். அப்போது காசு மிச்சம்.

காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் பவானிக்கோ ஈரோட்டுக்கோ பஸ் ஏறும்போது அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிடுங்கள்.