பலர் நிற்கும் ஒரே முகவரி

பயனரின் முகவரியை மறைக்கும் டோர் வலையமைப்பின் வழியே செல்லும் இணையக் கோரிக்கை பொதுவாக மூன்று கணினிகளைக் கடக்கிறது. முதல் கணினிக்கு அனுப்பியவரின் முகவரி தெரியும், சேருமிடம் தெரியாது. கடைசிக் கணினிக்குச் சேருமிடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. இணையதளத்துக்குத் தெரிவது அந்தக் கடைசிக் கணினியின் ஐபி முகவரி மட்டுமே. அதன் பின்னால் ஒரே நேரத்தில் பலர் இருப்பார்கள்: கணவனின் வன்முறைக்கு அஞ்சி ஒளிந்து வாழும் பெண், தணிக்கை மிகுந்த நாட்டின் செய்தியாளர், கடவுச்சொற்களை ஊகித்துத் திருட முயலும் ஒருவன். இந்தக் கடைசிக் கணினிகளின் பட்டியலை டோர் அமைப்பே பகிரங்கமாக வெளியிடுவதால் அவற்றைத் தடுப்பது மிக எளிது.

பல தளங்களில் இந்தத் தடையை எவரும் யோசித்து விதிப்பதில்லை. ஒரு முகவரியிலிருந்து விளம்பரக் குப்பையும் தாக்குதலும் வந்தால், பாதுகாப்பு மென்பொருள் அதன் நம்பகத்தன்மையைத் தானாகக் குறைத்துவிடுகிறது. டோர் வழியே தனக்கு வரும் கோரிக்கைகளில் 94 விழுக்காடு தீயவை என்று இணையதளங்களைத் தாக்குதல்களிலிருந்து காக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2016இல் கூறியது; அந்தக் கணக்கை டோர் அமைப்பு ஏற்கவில்லை. கணக்கு சரியென்றே கொண்டாலும் அது கோரிக்கைகளின் விகிதம், மனிதர்களின் விகிதம் அல்ல. ஒரு தானியங்கி நிரல் ஆயிரம் மனிதர்களைவிட அதிகக் கோரிக்கைகளை அனுப்பிவிடும்.

ஒருவர் செய்த குற்றத்துக்கு அவரோடு ஒரே இடத்தில் நிற்பவர் பொறுப்பாவாரா என்ற கேள்வி மிகப் பழையது. ஆதியாகமத்தில் சோதோம் நகருக்காக ஆபிரகாம் கடவுளிடம் மன்றாடுகிறார். ஐம்பது நல்லவர்களில் தொடங்கும் பேச்சு பத்து பேரில் வந்து நிற்கிறது. அந்தப் பத்து பேர் இருந்தாலும் நகரை அழிப்பதில்லை என்று கடவுள் இசைகிறார். 1949இன் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் தன் பாதுகாப்புக்கு உட்பட்டவர்கள்மீது கூட்டுத் தண்டனை கூடாதென 33ஆம் பிரிவில் விலக்குகிறது. எதிர்வாதமும் பழையதே. பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் வரும் கைஜஸ், தன்னை மறைக்கும் மோதிரம் கிடைத்ததும் அரசனைக் கொன்று அரியணை ஏறுகிறான். கண்காணிப்பு இல்லையேல் அறமும் இல்லை என்பது அந்தக் கதையைச் சொல்பவரின் வாதம்.

தடை தண்டனையல்ல, தற்காப்பு என்று தள நிர்வாகிகள் சொல்லலாம். சம்பளமின்றிச் சிறு தளத்தை நடத்துபவர் இரவெல்லாம் குப்பையை அள்ளிக்கொண்டிருக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் தற்காப்பு, ஆபத்து உள்ள அளவுக்கே நியாயமாகும். எழுதுவதில் ஆபத்து உண்டு. ஒரு பக்கத்தை வாசிப்பதில் எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை மதிக்கும் விக்கிப்பீடியா, டோர் வழியே வருபவர்களை வாசிக்க விட்டு, தொகுப்பதை மட்டும் தடுக்கிறது.

நிர்வாகிகளுக்கு வேறு வழிகளும் உண்டு. புதியவரின் பதிவை வெளியிடுமுன் பார்வையிடலாம். கோரிக்கைகளின் வேகத்துக்கு வரம்பு வைக்கலாம். 1980களில் டேவிட் சௌம் வகுத்த குருட்டுக் கையொப்பத்தின் வழிவந்த பிரைவசி பாஸ் முறையில், ஒருமுறை சோதனையில் தேறியவர் சில வில்லைகளைப் பெறுகிறார். வில்லை செல்லும் என்பதைத் தளம் சரிபார்க்கலாம், யாருக்குத் தரப்பட்டது என்பதை அறிய முடியாது. நியூயார்க் டைம்ஸ் 2017இலும் பிபிசி 2019இலும் டோர் வழியே மட்டும் அடையக்கூடிய தனி 'வெங்காய' (.onion) முகவரிகளைத் திறந்தன.

தடுக்கப்பட்டவர் வேறு வழித்தடத்துக்கு மாறிப் பார்க்கலாம். வாசிப்பையாவது திறக்குமாறு நிர்வாகிக்கு எழுதலாம். விக்கிப்பீடியாவில் தொகுக்க விலக்கு கேட்கவும் முடியும். ஆனால் அது பெரும்பாலும் ஏற்கெனவே நம்பிக்கை பெற்ற தொகுப்பாளர்களுக்கே கிடைக்கிறது. பெயரை வெளியிட முடியாத நிலையில் முதன்முறை எழுத வருபவருக்கு அந்த வழி இன்னும் குறுகலாகவே இருக்கிறது.