புறப்படும் முன் பரிசோதனை

ஆண்டுதோறும் செப்டம்பர் 17-ஆம் தேதியை ஒட்டி, வட இந்தியாவிலும் கிழக்கு இந்தியாவிலும் தொழிற்கூடங்கள் ஒரு நாள் ஓய்வு கொள்கின்றன. அன்று விசுவகர்மா பூஜை. நாள்தோறும் எண்ணெயிலும் புழுதியிலும் கிடக்கும் சுத்தியலும் குறடும் கழுவித் துடைக்கப்பட்டு, மலர் சூடி வீற்றிருக்கின்றன. தென்னாட்டில் இதே வழிபாடு ஆயுத பூஜையாக நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் நிகழ்கிறது. வாகனங்களுக்கு மாலையிட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் புறப்படுவது வழக்கம்.

கருவியை வணங்குவது மூடத்தனம் என்று நகைப்போர் உண்டு. அவர்கள் அதன் உட்பொருளை அறியார். பூஜைக்காகக் கருவியைத் துடைக்கும் கைக்கு அதன் தேய்மானம் தென்படுகிறது. விரிசல் கண்ணில் படுகிறது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் கருவியைக் கூர்ந்து நோக்கும் வாய்ப்பை முன்னோர் இவ்விதம் அமைத்து வைத்தனர். ஆனால் இதில் ஓர் அபாயமும் உண்டு. 'பூஜை போட்டாயிற்று; இனி பகவான் பார்த்துக் கொள்வார்' என்று பிரேக்கைச் சோதிக்காமல் வண்டியை எடுப்பவனின் செயல் பக்தியாகாது. அவன் தன் சோம்பலுக்குப் பகவானைப் பிணை வைக்கிறான்.

வடமொழியில் 'சிரத்தா' என்றால் அசையாத நம்பிக்கை. அச்சொல் தமிழ் வீடுகளுக்குள் வந்தபோது, 'சிரத்தையாகச் செய்' என்று கவனத்தையும் குறிக்கலாயிற்று. இரு பொருளும் ஒரு சொல்லில் கூடியது தற்செயலாகவே இருக்கட்டும். நம்பிக்கை உள்ளவனே கவனமாகச் செய்வான். கவனமாகச் செய்யாதவனின் நம்பிக்கை வாயளவில் நிற்பது.

ஜாம்ஷெட்பூரில் வசிக்கும் ஓர் அன்பரை உதாரணமாகக் கொள்ளலாம். அவருடைய தந்தையார் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இளமையில் வாங்கிய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று வீட்டின் பின்புறத்தில் இருபது ஆண்டுகளாகத் துருவேறிக் கிடந்தது. 1955-இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் உருவாக்கி நாடெங்கும் அனுப்பிய, ஒற்றைச் சிலிண்டர் கொண்ட 350 சி.சி. வண்டிகளுள் அதுவும் ஒன்று. அதைப் புதுப்பித்து, விசுவகர்மா பூஜையன்று முதியவரைப் பின்னிருக்கையில் அமர்த்திக் கோயிலுக்கு அழைத்துச் செல்ல மகன் உறுதி பூண்டார். ஒன்றரை ஆண்டுகள் உழைத்தார். சட்டம் முழுவதும் கறுப்பு வர்ணம் பூசப்பட்டது. சக்கர வளையங்களும் புகைக் குழலும் கண்ணாடிபோல் மின்னின. பதிவுச் சான்றும் காப்பீடும் ஒழுங்காயின. பூஜைக்கு ஒரு வாரம் முன்பு கிக்கரை மிதித்தார். வண்டி உயிர் பெறவில்லை.

மீண்டும் மீண்டும் மிதித்தார். பின்னர் பேட்டரியை மாற்றினார்; காயிலை மாற்றினார்; ஸ்பார்க் பிளக்கையும் புதிதாக வாங்கினார். கார்புரேட்டரையும் கழற்றத் தொடங்கிய வேளையில் தந்தையார், "மிஸ்திரியை அழைத்து வா" என்றார்.

வந்தவர் எழுபது வயதைக் கடந்த முதியவர். எதையும் கழற்றவில்லை. சாவியைத் திருப்பிவிட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தியவாறு, முகப்பு விளக்கின் மேலிருந்த ஆம்மீட்டரையே நோக்கிக் கொண்டிருந்தார். என்ஜின் சுழலும்போது உள்ளிருக்கும் பாயிண்டுகள் சேர்ந்து பிரியும். அப்போதெல்லாம் அந்த ஊசி சிறிது அசைய வேண்டும். ஊசி அசையவே இல்லை.

"பேட்டா, எத்தனை சாமான் மாற்றினாய்?" என்று கேட்டார்.

"மூன்று, மிஸ்திரிஜி."

"இந்த ஊசியைப் பார்த்தாயா?"

அன்பரிடம் பதில் இல்லை. அவர் கண்ணெதிரே இருந்த ஊசி அது.

மிஸ்திரி எர்த் கம்பியைத் தொட்டுக் கொண்டே சென்று, அது சட்டத்தோடு பிணைக்கப்பட்ட இடத்தில் நின்றார். போல்ட்டைக் கழற்றினார். அதனடியில் புதிய வர்ணம் பளபளத்தது. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிச் செல்லும் வழி அவ்விடம். இரும்போடு இரும்பு தொட்டாக வேண்டும். இடையில் வர்ணம் படிந்ததால் பாதை அடைபட்டது. ஒரு நாணய அளவுக்கு உப்புத்தாளால் சுரண்டி, வெற்று இரும்பு தெரிந்ததும் மீண்டும் முடுக்கினார். ஊசி அசைந்தது. மூன்றாவது மிதியில் என்ஜின் முழங்கிற்று.

வண்டிக்கு அழகூட்டிய வர்ணமே வண்டியின் உயிரைத் தடுத்து நின்றது என்பது எண்ணத்தக்கது. வர்ணத்தின்மீது குற்றமில்லை, சட்டத்தைத் துருவிலிருந்து காப்பது அதுவே. தொடர்பு இருக்க வேண்டிய இடத்தையும் அது மூடிவிட்டதே பிழை. கல்வி, பதவி, பக்தர் என்ற நற்பெயர் ஆகியன யாவும் இத்தகைய பூச்சுகளே. இறைவன் முன்னிலையில் மட்டுமாவது மனிதன் இவற்றைச் சுரண்டிவிட்டு வெற்று இரும்பாக நிற்க வேண்டும். அங்கும் மெருகோடு நின்றால், எத்தனை முறை மிதித்தாலும் பொறி எழாது.

அன்பர் மூன்று பொருள்களை மாற்றியதும் சாதகர்களிடம் பெரிதும் காணப்படும் குணமே. ஜபத்தில் மனம் நிலைக்கவில்லை என்றால் நேரத்தை மாற்றுவர்; மறுவாரம் மந்திரத்தை மாற்றுவர்; அடுத்த மாதம் குருவையே மாற்றுவர். எதனால் குறை, எதனால் நிறை என்பது அவர்களுக்கு ஒருநாளும் விளங்காது. நல்ல தொழிலாளி முதலில் பார்க்கிறான். பிறகு ஒன்றை மட்டும் மாற்றுகிறான். விளைவை அறிந்த பிறகே அடுத்ததைத் தொடுகிறான். விவேகம் என்று சாஸ்திரங்கள் போற்றும் குணத்தை இக்காலத்தில் பட்டறைகளிலும் கற்கலாம். சொல்லப் போனால், சில சொற்பொழிவு மண்டபங்களைவிட அங்கு எளிதாகக் கற்கலாம்.

என்ஜின் ஓடியதும் அன்பர் மகிழ்ச்சியில் சாலைக்குப் புறப்பட முற்பட்டார். மிஸ்திரி கைப்பிடியை விடவில்லை. ராக்கருக்குச் செல்லும் குழாயின் இணைப்பைச் சற்றே தளர்த்தி, எண்ணெய் மேலேறி வருகிறதா என்று பார்த்தார். நின்ற இடத்திலேயே வண்டியை ஓடவிட்டார். சிறிது நேரத்தில் அது தானாக அணைந்தது. பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே புகும் ஓசை கேட்டது. மெருகேற்றியபோது மூடியிலிருந்த நுண்துளை அடைபட்டிருந்தது. காற்று உட்புகாத டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்காது. குண்டூசியால் துளையைத் திறந்தார். பழைய ரப்பர்க் குழாயை அகற்றச் சொன்னார். இக்காலப் பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலை அக்காலத்து ரப்பர் தாங்காது.

அடுத்து டயர். பள்ளங்கள் தேயாமல் புதிதுபோல் இருந்தமையால், முன்பு எப்போதோ வாங்கி வைத்திருந்த டயரையே அன்பர் மாட்டியிருந்தார். அதன் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களை மிஸ்திரி காட்டினார்: 2409. முதல் இரண்டும் வாரத்தைக் குறிக்கும். பின் இரண்டும் ஆண்டைக் குறிக்கும். 2009-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகும். இறுகிய ரப்பர் ஈரச் சாலையைப் பற்றாது. புது டயர் வாங்க வேண்டியதாயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலான சோதனை இனிமேல்தான் வந்தது. அது வண்டிக்கு ஏற்பட்டதன்று.

பழைய புல்லட்டில் கியர் வலக்காலில் இருக்கும். பின் பிரேக் இடக்காலில். இப்போதைய வண்டிகளில் இது தலைகீழ். அன்பர் இருபது ஆண்டுகளாக ஓட்டி வந்ததோ இப்போதைய வண்டி. வேறுபாடு அவருக்குத் தெரியாததன்று; கேட்டிருந்தால் படம் வரைந்தே காட்டியிருப்பார். மிஸ்திரி அவரைச் சந்துக்குள் நடையளவு வேகத்தில் ஓட்டச் செய்தார். பக்கத்தில் நடந்து வந்தவர் திடீரென்று, "நிறுத்து!" என்று கூவினார். அன்பரின் வலக்கால் சட்டென்று கீழே பாய்ந்து கியரை மிதித்தது. வண்டி நிற்கவில்லை. முன் பிரேக்கும் புதிய லைனிங் படியாத நிலையில் அரைகுறையாகவே பிடித்தது. சுவருக்கு ஓர் அடி முன்னால் மிஸ்திரிதான் வண்டியைப் பற்றி இழுத்து நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும், மிஸ்திரிஜி. அந்த நொடியில்..." என்று அன்பர் தடுமாறினார்.

"உனக்குத் தெரியும், பேட்டா. உன் காலுக்குத் தெரியாது."

சம்ஸ்காரம் என்பதை விளக்க நூல்கள் பல பக்கங்கள் எடுத்துக் கொள்கின்றன. அந்த முதியவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். அறிவில் பதிந்தது வேறு; உடலில், நரம்பில், மனத்தின் அடித்தளத்தில் பதிந்தது வேறு. அமைதியான வேளையில் அறிவு ஆட்சி செய்கிறது. ஆபத்து வந்த கணத்தில் ஆட்சி பழக்கத்தின் கைக்குப் போகிறது. கோபம் தீது என்று அறியாதவர் எவர்? சத்சங்கத்தில் அதைப் பற்றி அழகாகப் பேசுபவரும், வீட்டில் ஒரு குவளை கவிழ்ந்தால் வலக்காலையே மிதிக்கிறார். கட உபநிடதம் உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும் உருவகம் செய்தது. தேர் எவ்வளவு புதுமெருகு பெற்றிருப்பினும், சாரதியும் கடிவாளமும் பயிற்சி பெறாத வரையில் அதில் பிறரை ஏற்றுவது பாவம்.

அப்யாசம் ஒன்றே இதற்கு மருந்து. பழைய பதிவை வாதத்தால் அழிக்க இயலாது. அதன் மேல் புதிய பதிவைப் பன்முறை பதிக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். குறித்த நாளில் குறித்த காரியம் நடந்தாக வேண்டும் என்னும் பிடிவாதமும் ஒருவகை அகங்காரமே. அது பெரும்பாலும் பக்தியின் வேடத்தில் வருவதால் அடையாளம் தெரிவதில்லை.

பூஜை நாள் வந்தது. வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சூட்டினார்கள். வண்டி முற்றத்திலேயே நின்றது. தந்தையும் மகனும் ஆட்டோவில் கோயிலுக்குச் சென்று வந்தார்கள். அன்பருக்கு மனம் கனத்தது. "பாபூஜி, இன்றைக்கென்று தானே இவ்வளவும்..." என்றார். "இருபது ஆண்டு தூங்கிய வண்டி, இன்னும் பத்து நாள் உட்கார்ந்திருக்கட்டும்" என்றார் முதியவர்.

அதன் பிறகு மாலைதோறும், ஆள் நடமாட்டமில்லாத மைதானத்தில் அன்பர் தனியே ஓட்டிப் பழகினார். புதிய லைனிங் படிந்தது. சங்கிலியும் கேபிளும் தளர்ந்து, மீண்டும் இறுக்கப்பட்டன. மிஸ்திரி சில நாள் வந்து, எதிர்பாராத வேளையில் கூவுவார். முதலில் நான்கில் மூன்று முறை வலக்கால் பாய்ந்தது, பிறகு பாதி, பிறகு எப்போதாவது ஒரு முறை. பத்து மாலைகள் போதவில்லை, பதினான்கு ஆயின.

பதினைந்தாம் நாள் காலையில் தந்தையார் தலைக்கவசம் அணிந்து, மகனின் தோளைப் பற்றிப் பின்னிருக்கையில் ஏறினார். அமர்ந்ததும், "பிரேக் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மகன் வாயால் விடை கூறவில்லை. இடக்காலை ஒரு முறை அழுத்திக் காட்டிவிட்டு, கிக்கரை மிதித்தார்.