பட்டுக்கு மட்டுமா பேழை?

உடுத்திய ஆடை கிழிந்து போகும்; உடுத்தியவர் வரலாறும் கிழிந்து போகலாமா? சவ்வாது மலையடியில், ஆலங்காயத்தில், பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கும் நம்மை வாட்டும் வினா இது. பழைய ஆடைகளைக் காக்க அருங்காட்சியகம் வேண்டும். அதில் இரு கருத்தில்லை. யாருடைய ஆடையைக் காப்பது, எதற்காகக் காப்பது என்பதே கேள்வி!

அகமதாபாத்தில் 1949 ஆம் ஆண்டு தோன்றிய காலிகோ துணி அருங்காட்சியகம் உலகப் புகழ் பெற்றது. முகலாயர் அவையை அணிசெய்த துணிகள் அங்கே உள்ளன. சோழமண்டலக் கரையில் நம் கைவினைஞர் சாயமேற்றிய பூந்துணிகள், இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கொலுவிருக்கின்றன. இந்தியப் பூந்துணிகளின் வரவைத் தடுக்க 1700 இலும் 1721 இலும் இங்கிலாந்து சட்டம் இயற்றியதென்றால், அவற்றின் கவர்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ! ஒளி பட்டால் சாயம் மங்கும். மடித்து வைத்தால் மடிப்பில் இழை அறும். ஆகவே மெல்லொளியில் காட்டியும், உருளையில் சுற்றி வைத்தும் காக்கின்றனர். போற்றத்தக்க பணி!

ஆனால், ஏழையின் ஆடை எங்கே? தாயின் பழஞ்சேலை பிள்ளைக்குத் தூளியாகிறது. தூளி கிழிந்தால் சும்மாடாகிறது. அதுவும் நைந்தால் அடுப்படியில் கரித்துணியாகிறது. பேழைக்கு வர எஞ்சுவது என்ன? பெட்டியில் உறங்கிய பட்டு பிழைத்தது. மேனியோடு உழைத்த நூல் மாய்ந்தது. எஞ்சியதை மட்டும் காட்டினால், அந்நாளில் ஊரெல்லாம் பட்டுடுத்தி உலவியதாகப் பிள்ளைகள் எண்ண மாட்டார்களா?

"அழகைக் காண வருவோரிடம் அவலத்தைக் காட்டுவானேன்?" என்பர் சிலர். மதுரைக்குச் செல்லட்டும் அவர்கள். 1921 இல் அந்நகரில்தான் காந்தியார் உழவனின் அரையாடையை மேற்கொண்டார். அவர் சுடப்பட்டபோது அணிந்திருந்த குருதிக் கறை படிந்த துணி, 1959 இல் அங்கே திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சரிகை இல்லை, சித்திரப்பூ இல்லை. ஆயினும் அதன்முன் நிற்பவர் நெஞ்சு கலங்குகிறது. துணியின் மதிப்பு நூலில் இல்லை. அது சொல்லும் உண்மையில் இருக்கிறது.

உடுத்தவே விடாத கொடுமைக்கு எந்தத் துணி சான்று சொல்லும்? தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோளை மறைப்பது குற்றமெனத் தடுக்கப்பட்டது. பல்லாண்டுப் போராட்டத்திற்குப் பிறகு, 1859 சூலை 26 அன்று மன்னரின் ஆணை பிறந்தது. மேனியை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்றது அந்த ஆணை! உரிமை தந்த கையே ஓரத்தை வெட்டிக்கொண்டது.

ஆகவே நாம் வேண்டுவது இதுதான். பட்டு வைத்த பேழைக்குப் பக்கத்தில் வெறும் பேழை ஒன்று இருக்கட்டும். அதன்மேல் அந்த ஆணை பொறிக்கப்படட்டும். நகரம் வர இயலாத மலையூர்ப் பிள்ளைகளுக்காக, படங்களும் படியெடுத்த ஆடைகளும் பள்ளிகளைத் தேடி வரட்டும். பட்டைக் கண்டு வியக்கும் பிள்ளை, அடுத்த பேழையைக் கண்டு "இதில் ஏன் ஒன்றுமில்லை?" என்று கேட்கும். அக்கேள்வி எழுந்தால் போதும். அருங்காட்சியகம் தன் கடமையைச் செய்துவிட்டது.