ஈர விறகும் இறக்கும் செல்லும்

மூட்டுகளில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு, இரத்த நாளமோ நரம்போ இல்லாத திசு. அதன் பருமனில் நூற்றுக்கு 2 பங்கு அளவே செல்கள், மற்றதெல்லாம் அச்செல்கள் தம்மைச் சுற்றித் தாமே சுரந்து வைத்த பொருளும் அதில் தங்கிய நீரும்தான். அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று உடற்கூற்றியலாளர் வில்லியம் ஹண்டர் 1743இல் எழுதிய கூற்றை முற்றிலும் பொய்யாக்கும் மருத்துவம் இன்றுவரை வாய்க்காத நிலையில், அடிபட்ட திசுவில் எந்தச் செல் மடியும், எது தேறும் என்பதை முன்கூட்டியே அறிய முடியுமானால் அது பெரும் பயன் தரும்.

கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட முறை இதற்கு மூன்று சாயங்களைத் துணைகொள்கிறது: கால்சியம் பாயும்போது மின்னுவது ஒன்று, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தைக் காட்டுவது ஒன்று, சவ்வு சிதைந்த செல்லின் உட்கருவுக்குள் மட்டுமே புகக்கூடியது ஒன்று. நுண்ணோக்கியின் கீழ் திசுவைத் தாக்கி, ஒவ்வொரு செல்லின் மினுக்கத்தையும் கணத்துக்குக் கணம் பதிவுசெய்தால் செல் ஓர் எண்வரிசையாகிறது; அவ்வரிசைகளை ஒப்பிட்டு ஒத்தவற்றை ஒன்றுசேர்ப்பது இயந்திரக் கற்றலின் வேலை.

மினுக்கத்தைக் கொண்டு செல் மடியுமா என்று சொல்வது காட்சி அறிவு அன்று, அனுமானம். புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வதற்கு, புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்னும் பிரியாத் தொடர்பு, அதாவது வியாப்தி, வேண்டும் என்றனர் இந்தியத் தருக்க நெறியான நியாய மரபினர். இதைத் திருப்பிப் போட்டு நெருப்பிலிருந்து புகையை உய்த்துணர முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. அடுப்பில் அவ்விரண்டையும் சேர்த்துக் காட்டியது விறகின் ஈரம். இப்படி மறைந்து நின்று தொடர்பைப் போலத் தோன்றச் செய்வதை அவர்கள் உபாதி என்றனர் (உடல் உபாதை என்னும் வழக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை). 14ஆம் நூற்றாண்டில் கங்கேசர் தத்துவ சிந்தாமணியில் இதை நுணுகி ஆராய்ந்தார்.

அடிபட்ட குருத்தெலும்பிலும் ஈர விறகு உண்டு. தாக்குதல் விழும் மேற்பரப்பை ஒட்டிய செல்களே மிகுதியாக மடிகின்றன. ஆகவே குறிப்பிட்ட மினுக்கம் சாவை அறிவிக்கிறது என்று இயந்திரம் கற்றுக்கொண்டால், அது உண்மையில் கற்றது செல்லின் ஆழத்தை மட்டுமாக இருக்கலாம். எத்தனை ஆயிரம் செல்களைச் சேர்த்தாலும் இந்த ஐயம் குறையாது, ஏனெனில் எல்லாச் செல்களும் ஒரே அடுப்பில் எரிந்தவை. தரவு பெருகினால் தத்துவம் தேவையில்லை என்போர் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றனர். விறகை உலர்த்திப் பார்ப்பதே வழி: மைட்டோகாண்ட்ரியாவைக் காக்கும் பெப்டைடு ஒன்றைத் தாக்குதலுக்குப் பின் செலுத்தியபோது செல் சாவு குறைந்ததாக 2018இல் வெளியான ஆய்வு, மினுக்கத்தைக் கண்டு ஊகிப்பதோடு நில்லாமல் காரணத்தையே தொட்டுப் பார்த்தது.

எனினும் மற்றொரு கேள்வி இயந்திரத்துக்கு முன்பே எழுகிறது: எதைச் சாவு என்பது? மூன்றாம் சாயம் புகுந்ததே சாவு என்று வரையறுத்தவர் மனிதர். ஒழுங்குமுறையோடு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் செல்லோ, கடைசிக் கட்டம்வரை சவ்வைச் சிதையாமல் வைத்திருப்பதால், அந்தக் கணக்கில் உயிருள்ளதாகவே எண்ணப்படுகிறது.