பிரிந்திருத்தலும் பேணுவாரும்

நோயுற்றவர் குடும்பத்தை விட்டு நீங்கி, உடலுக்கு இதமான காற்றுள்ள ஊரில் தங்கி நலம் பெறுவது இல்லறக் கடமைக்கு ஏற்புடையதா என்னும் வினாவை எடைபோடத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் ஓர் அளவுகோல் தருகிறது. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்காகப் பகுக்கிறது. நான்காமவர் உறவினராகவே இருக்க வேண்டும் என்று விதிக்கவில்லை. பௌத்த விநயம், அதாவது துறவியருக்குரிய ஒழுக்க விதிகளின் தொகுப்பு, இதனை இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது: பேணுவதற்குத் தாயும் தந்தையும் உடனில்லாத பிக்குகள் நோயுற்றால் ஒருவரையொருவர் பேண வேண்டும் என்று புத்தர் பணித்ததாக அது கூறுகிறது. ஆகவே வீட்டைப் பிரிவதும் பேணுவாரைப் பிரிவதும் ஒன்றல்ல.

இவ்வேறுபாட்டின் கனத்தைக் காசநோயின் வரலாறு காட்டுகிறது. நோயைத் தீர்க்கும் மருந்து கிடைக்காத காலத்தில் தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவற்றை நம்பிச் சானடோரியம் எனப்படும் உறைவிட மருத்துவமனைகள் எழுந்தன; நோயாளிக்கு நல்ல காற்று, வீட்டாருக்குத் தொற்றிலிருந்து காப்பு என்னும் இரண்டும் பிரிவுக்கு நியாயமாயின. 'ராஜமுக்தி' திரைப்படப் பணிக்காகப் புனேயில் தங்கியிருந்தபோது காசநோய்க்கு ஆளான எழுத்தாளர் புதுமைப்பித்தனோ மனைவி கமலாவின் ஊரான திருவனந்தபுரத்துக்கு வந்து, 1948 ஜூன் 30 அன்று அங்கேயே காலமானார். பருவமழையால் ஈரம் மிகும் அந்நகரம் காற்றுக்காகத் தேரப்படும் இடமன்று. பிழைப்பின் பொருட்டு நேர்ந்த பிரிவை நோய் அங்கே முடித்துவைத்தது. மருந்தென்னும் கூறு கைகொடுக்காதபோதும் பேணுவாரென்னும் கூறு எஞ்சியிருந்தது.

பதினோராண்டுகளுக்குப் பின், சென்னைக் காசநோய் வேதிமருத்துவ மையம் தன் ஆய்வு முடிவை 1959இல் வெளியிட்டது. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளும், மருந்தைத் தவறாது உட்கொண்டால், சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு ஏறத்தாழ நிகராகக் குணமடைந்தனர். அவர்களுடன் வாழ்ந்த வீட்டாருக்கு அதனால் தொற்று அபாயம் கூடியதாகவும் தெரியவில்லை. பிரிவைத் தாங்கி நின்ற இரு நியாயங்களும் இவ்வாறு தளர்ந்தன.

பிரிவு தன்னளவில் அறமும் அன்று, குற்றமும் அன்று; அதன் தகுதி காரணத்தைச் சார்ந்தது. காரணம் உள்ளவரை, பேணுவார் ஒருவரை உடன் அமைத்துக்கொண்ட பிரிவு கடமையின் பகுதியே ஆகும். காரணம் தீர்ந்த பின்னும் நீளும் பிரிவு கடமையாகாது; பேணுவாரின்றி நோயாளியைத் தனியே விடும் பிரிவோ, காற்று எத்துணை இதமாயினும், மருத்துவத்தின் நான்கில் ஒரு கூறு குறைந்ததே.